பச்சைச் சாக்கட்டிக் கம்ப்யூட்டர்

ஈரத் துணியால் துடைத்த கரும்பலகையில், அது காய்வதற்கு முன்பே பச்சைச் சாக்கட்டியால் எழுதினால், எழுத்து முதலில் கண்ணில் படாது. பலகை காயக் காய, ஒவ்வொன்றாக, தண்ணீருக்கு அடியிலிருந்து மிதந்து மேலே வருவதுபோல் வரும். கூடவே ஒரு வாசனையும் எழும், நனைந்த சுண்ணாம்பும் பழைய மரமும் கலந்த வாசனை. எண்பதுகளின் நடுவில், திருச்சி தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த பெண்கள் மேல்நிலைப் பள்ளியில், ப்ளஸ் ஒன் படித்த இருபத்திரண்டு பெண்கள் அந்த வாசனையில்தான் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டோம். கம்ப்யூட்டர் மட்டும் இல்லை.

நான் அந்த வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தது என் பெருமையால் அல்ல. பத்தாம் வகுப்பில் கணக்கில் நாற்பத்தொரு மதிப்பெண் வாங்கியிருந்தேன். சயின்ஸ் குரூப்பின் கதவு அதோடு மூடிக்கொண்டது. அந்த வருடம்தான் பள்ளியில் புதிதாக ஒரு பிரிவு தொடங்கியிருந்தார்கள். தட்டெழுத்து, வணிகக் கடிதம், அலுவலக நடைமுறை, இவற்றோடு கம்ப்யூட்டரும் உண்டு என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டிருந்தது. கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கு மட்டும் அடியில் இரண்டு கோடு. மின்வாரிய அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பா அந்த இரண்டு கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "டைப் தெரிஞ்சா எங்கயும் வேலை கிடைக்கும். அது கூட இதுவும் தெரிஞ்சா இன்னும் நல்லதுதானே" என்றார். சயின்ஸ் குரூப் பெண்கள் எங்களை "டக்டக் குரூப்" என்றார்கள். எங்கள் வகுப்புக்குப் பக்கத்தில்தான் பதினைந்து தட்டெழுத்து இயந்திரங்கள் நாள் முழுவதும் அடித்துக்கொண்டிருக்கும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருவேன். ராஜகோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்த காலம் அது. நாளுக்கு நாள் அது ஏதோ கொஞ்சம் உயர்ந்திருக்கிறதா என்று பஸ் ஜன்னல் வழியாகத் தலையைச் சாய்த்துப் பார்ப்பேன். அம்மா மண்டபம் படித்துறையைத் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் காவிரிக் காற்று தாவணியைப் பிடித்து இழுக்கும். ஆடி பிறந்து ஆறு நிறைந்து ஓடும்போது, பஸ் நின்றுகொண்டிருப்பதைப் போலவும் பாலம்தான் மேற்கே நகர்ந்து போவதைப் போலவும் தோன்றும். எதிரே மலைக்கோட்டை, மேகம் மூடியிருந்தால் பாதி, வெயில் அடித்தால் முழுதாக. அந்த வருடம் முழுவதும் நான் எங்கே போனாலும் ஏதோ ஒன்று வரப்போகிறது என்ற நினைப்பிலேயே போனதாக ஞாபகம்.

கம்ப்யூட்டர் "வருது, வருது" என்றார்கள். மெட்ராஸிலிருந்து கிளம்பிவிட்டது என்றார்கள். அதற்காக மாடியில் ஓர் அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குப் பச்சைத் திரை போட்டு, தரையில் தேங்காய் நார் விரிப்பு விரித்து வைத்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே சக்கரம் வைத்த ஒரு மேசையும், மின்சாரத்தை ஒரே சீராக்கித் தரும் கனத்த ஸ்டெபிலைசர் பெட்டி ஒன்றும், கம்ப்யூட்டருக்குப் போர்த்தத் தைத்த பிளாஸ்டிக் உறையும் ஆகஸ்ட் மாதமே வந்து சேர்ந்தன. கம்ப்யூட்டர் வரவில்லை. நாங்கள் வெறுங்காலோடு உள்ளே போய், உறை போர்த்திய ஸ்டெபிலைசரின் முன்னால் குரலைத் தாழ்த்திப் பேசினோம். சரஸ்வதி பூஜையன்று யாரோ அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்கள், யாரும் அழிக்கவில்லை.

எங்களுக்குக் கம்ப்யூட்டர் நடத்த வந்தவர் சுலோசனா மிஸ். மணப்பாறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். மணப்பாறை என்றதும் முதல் நாளே யாரோ "முறுக்கு கொண்டு வருவீங்களா மிஸ்?" என்று கேட்டாள். "எங்க வீட்டுல யாருக்கும் முறுக்கு சுத்தத் தெரியாது" என்றார். கணிதத்தில் பி.எஸ்ஸி. முடித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எங்களைவிட ஐந்தாறு வயது கூட இருந்திருப்பார். பருத்திப் புடவையின் கொசுவத்தை அடிக்கடி தடவிச் சரிசெய்துகொள்வார். தற்காலிக வேலைதான் என்பதும், வருடக் கடைசியில்தான் அது நிரந்தரமாகுமா என்று தெரியும் என்பதும் எங்களுக்கே தெரிந்திருந்தது.

திரையில் எழுத்து பச்சையாகத் தெரியும் என்று முதல் நாள் சொன்னார். அதனால் பலகையில் பச்சையால் எழுதினார். சில வாரங்களில் பலகை அவருக்குப் போதவில்லை. எங்களை வகுப்பிலிருந்து மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், "இன்னிக்கு நீங்கதான் கம்ப்யூட்டர்" என்றார்.

இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த மொட்டை மாடி வந்துவிடுகிறது. தரையில் சாக்கட்டியால் பத்து, இருபது, முப்பது என்று கட்டம் கட்டமாக எண் எழுதியிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கட்டளை. பாண்டி ஆடுவதுபோல் ஒருத்தி கட்டம் விட்டுக் கட்டம் தாவ வேண்டும். "கோ டு முப்பது" என்று எழுதிய கட்டத்தில் கால் பட்டால் திரும்ப முப்பதுக்கு ஓட வேண்டும். ஒருநாள் மிஸ் ஒரு வரியை எழுத மறந்துவிட்டார். ஆக்னஸ் முப்பதுக்கும் எழுபதுக்கும் இடையே சுற்றிக்கொண்டே இருந்தாள். நிறுத்த வழியில்லை, கட்டளை அப்படி. மணி அடிக்கும்வரை சுற்றினாள். நாங்கள் சிரித்து உருண்டோம். மிஸ் மட்டும் சிரிக்காமல், "இதுதான். இது இப்படித்தான் மாட்டிக்கும்" என்று மெல்லச் சொன்னார், யாருடைய கஷ்டத்தையோ பார்த்ததுபோல.

பாலக்கரையிலிருந்து வந்த ஆக்னஸுக்குக் குரல் பெரிது, அதனால் அவள் "இன்புட்." வெளியிலிருந்து வரும் எதையும் அவள்தான் வாங்கி உரக்கச் சொல்ல வேண்டும். நான் "மெமரி." பிஸ்கட் அட்டைப் பெட்டிகளில் ஏ, பி, சி என்று எழுதி என்னிடம் கொடுத்திருந்தார்கள். ஒரு பெட்டியில் எண் எழுதிய புதுச் சீட்டுப் போட்டால் பழைய சீட்டை எறிந்துவிட வேண்டும் என்பது விதி. எனக்கு எறிய மனம் வராது. இடுப்பில் செருகிக்கொள்வேன். "ஜெயந்தி, மெமரிக்கு அந்தப் பழக்கம் கிடையாது" என்பார் மிஸ்.

ஒரு கடையின் வாடிக்கையாளர் பெயர்களை அகர வரிசைப்படுத்துவது எப்படி என்று காட்ட எங்கள் இருபத்திரண்டு பேரையும் வரிசையாக நிற்க வைத்தார். உனக்கு அடுத்து நிற்பவளின் பெயரோடு உன் பெயரை ஒப்பிட்டுப் பார். ஆங்கில எழுத்தில் உன்னுடையது பின்னால் என்றால் இடம் மாறு. அவ்வளவுதான் கட்டளை. யாருக்கும் முழு வரிசை தெரிய வேண்டியதில்லை. இரண்டு இரண்டு பேராக மாறி மாறி, தாவணிகள் உரச, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நகர்ந்துகொண்டே இருந்தோம். திடீரென்று ஒரு கணத்தில் யாரும் நகர வேண்டியிருக்கவில்லை. ஆக்னஸ் முதலில், இஸட்டில் பெயர் தொடங்கும் சுபைதா கடைசியில். எப்போது நேரானோம் என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. கீழே மலைவாசல் கடைத்தெருவின் இரைச்சல் எங்கேயோ தொலைவில் கேட்டது. உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு. கணக்கில் நாற்பத்தொன்று வாங்கியவளுக்குக் கணக்கு என்பது இப்படியும் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் வீட்டில் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். பள்ளி திறந்த முதல் வாரமே அம்மா கேட்டாள்: "அந்தக் கணக்குப் பொட்டியத் தொட்டியாடி?" அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் என்றால் "கணக்குப் பொட்டி"தான். அடுப்படியில் அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அத்தனை ஆசை இருந்தது. "ம்" என்று சொல்லிவிட்டேன். ஒரு "ம்"முக்குப் பிறகு நிற்க முடியவில்லை. எதிர்வீட்டு மாமி வந்து கேட்டார், அப்பாவின் அலுவலக நண்பர்கள் வந்து கேட்டார்கள். கண்ணாடி எப்படி மின்னும், எழுத்து எப்படிப் பச்சையாக ஓடும், விசை எப்படி மெத்தென்று இருக்கும் என்று சொல்லச் சொல்ல, நானே தொட்டதுபோல் விரல் நுனி குறுகுறுத்தது. அப்பா வாசலில் யாரைப் பார்த்தாலும், "பொண்ணு கம்ப்யூட்டர் ஓட்டறா" என்றார், லாரி ஓட்டுவதைப் போல.

எழுதிய கட்டளைகளை ஓடவிட "ரன்" என்று அடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அப்போது என்ன சத்தம் வரும் என்று அம்மா கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் மிஸ்ஸிடம் கேட்டேன். ஒரு நொடி யோசித்துவிட்டு, "டைப்ரைட்டர்ல வரி முடியறப்ப மணி அடிக்குமில்ல, அது மாதிரி" என்றார். வகுப்பு முழுவதும் அதைக் குறித்துக்கொண்டது.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்த முதல் நாள், ஆக்னஸ் யாருடனும் பேசவில்லை. மத்தியானம் என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். மெட்ராஸில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்யும் அவள் அண்ணன் ஊருக்கு வந்திருந்தான். இவள் மணிச் சத்தத்தைப் பற்றிச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தானாம். அப்படி ஒரு சத்தமும் வராது என்றானாம்.

"அவங்க பாத்ததே இல்லடி. நம்மள ஏமாத்திட்டு இருக்காங்க" என்றாள். கண்ணில் நீர் நின்றது. அவளுடைய அப்பா தச்சர். மாதா கோயில் பெஞ்சுகள் செய்பவர். அக்கா படித்த கான்வென்ட்டிலேயே இவளும் படிக்க வேண்டும் என்று அவர் சொல்ல, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து இந்தப் பள்ளிக்கு வந்தவள் ஆக்னஸ். கம்ப்யூட்டர் தெரிந்தால் தன் அலுவலகத்திலேயே வேலைக்குச் சொல்லிவைப்பதாக அண்ணன் எழுதியிருந்தான். அவளுக்கு இது விளையாட்டு இல்லை.

"ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட சொல்லப் போறேன்."

"சொன்னா மிஸ்ஸ வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. குரூப்பையும் மூடிடுவாங்க" என்றேன். அது வெறும் பயமும் இல்லை. இயந்திரம் வராததைப் பற்றிப் பெற்றோர் வந்து முறையிட்டுப் போயிருந்தார்கள். வருடத் தேர்வுக்குள் ஒன்றும் நடக்காவிட்டால் எங்களைக் காமர்ஸ் பிரிவோடு சேர்த்துவிடுவதாகப் பேச்சு இருந்தது.

"பொய்யாப் படிக்கறதுக்குப் படிக்காமலே இருந்துடலாம்" என்றாள் அவள்.

அப்போதுதான் நான் என் பொய்யைச் சொன்னேன். ஜூன் மாதத்திலிருந்து வீட்டில் நான் கம்ப்யூட்டர் ஓட்டிக்கொண்டிருப்பதை, அப்பா அலுவலகம் வரைக்கும் அது போயிருப்பதை, ஒன்று விடாமல். ஆக்னஸ் என்னை உற்றுப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். குழாயடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். "நீயும் அவங்களும் சரியான ஜோடிடி" என்றாள். சிரிப்பு அடங்கியதும் முகத்தைக் கழுவிக்கொண்டு, "வா, அவங்ககிட்டயே கேப்போம்" என்றாள்.

மிஸ் தட்டெழுத்து அறையில் தனியாக உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். சாப்பாட்டு வேளை, இயந்திரங்களுக்கெல்லாம் உறை போட்டிருந்தது. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

"மிஸ், நீங்க கம்ப்யூட்டரைத் தொட்டிருக்கீங்களா?" என்றாள் ஆக்னஸ். அவ்வளவுதான் கேட்டாள்.

மிஸ் பேனாவை மூடினார். மூடியைத் திருகித் திருகி, இனித் திருக இடமில்லாமல் ஆனபிறகுதான் நிமிர்ந்தார். "இல்ல ஆக்னஸ்" என்றார்.

தில்லை நகரில் மூன்று மாத வகுப்பில் படித்ததாகச் சொன்னார். "கண்ணாடி ரூமுக்குள்ள மெஷின் இருக்கும். நாங்க புரோகிராம தாள்ல எழுதிக் குடுப்போம். உள்ள ஒருத்தர் உக்காந்து அடிப்பார். அடுத்த வாரம் ரிசல்ட்ட ஜன்னல் வழியா நீட்டுவாங்க. நான் எழுதினது ஒண்ணுகூடத் தப்பா வந்ததில்ல. ஆனா உள்ள விடல. தூரத்துலேருந்து பச்சையா ஏதோ தெரியும், அவ்வளவுதான்." மூடிய பேனாவை நோட்டின்மேல் வைத்தார். "இங்க இன்டர்வியூல கம்ப்யூட்டர் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னேன். தொட்டிருக்கியான்னு அவங்க கேக்கல."

"நாங்க கேட்டோமே மிஸ். என்ன சத்தம் வரும்னு கேட்டோமே" என்றாள் ஆக்னஸ்.

"ஆமா" என்றார் மிஸ். "நீங்க கேட்டீங்க. அங்க நான் தப்புப் பண்ணிட்டேன்." அவர் கன்னம் சிவந்திருந்தது. ஒரு பெரியவர் எங்களிடம் தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்லி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இயந்திரங்களின் உறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக்னஸ் பக்கத்து இயந்திரத்தின் உறையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "எங்கயாவது கூட்டிட்டுப் போங்க மிஸ். ஒரே ஒரு தடவை. நாங்களும் தொடணும், நீங்களும் தொடணும்" என்றாள். வெளியே வந்ததும் என்னிடம், "இன்னும் எனக்குக் கோபம் தீரல, பாத்துக்க" என்றாள். அதன்பிறகு பல வாரங்கள் வகுப்பில் மிஸ் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொன்னாள்.

மிஸ் யார் யாரையோ போய்ப் பார்த்தார். தில்லை நகரில் அவருக்குப் பாடம் எடுத்த ஒருவர் இப்போது ஒரு கல்லூரியில் இருந்தார். அவர் மூலமாக, ஒரு சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் அங்கே இடம் கிடைத்தது. பிப்ரவரி மாதம். ஹெட்மிஸ்ட்ரஸிடம் அனுமதி கேட்டதும், "நானும் வரேன். ஒரு வருஷமா என்ன படிச்சிருக்காங்கன்னு பாத்துட்டுத்தான் அடுத்த வருஷத்தைப் பத்திச் சொல்ல முடியும்" என்றார். மிஸ்ஸின் முகம் வெளுத்தது. எங்களுக்கும்தான்.

கல்லூரியில் அந்த அறைக் கதவைத் திறந்ததும் குளிர் வந்து முகத்தில் மோதியது. எங்களில் பெரும்பாலோருக்கு அதுவரை ஏ.சி. என்பது காதால் கேட்டது மட்டும்தான். வெறுங்காலில் நடந்தபோது தரை ஆற்று மணலின் அடி ஈரத்தைப் போல் ஜில்லென்றிருந்தது. வெளியே அடித்த வெயில் சட்டென்று வேறு ஏதோ ஊருடையதாகிவிட்டது. மேசைமேல் அது இருந்தது. நான் வீட்டில் வர்ணித்ததைவிடச் சின்னதாக, ஒரு பழைய நகைப்பெட்டி அளவுக்கு அடக்கமாக. திரையில் எழுத்து பச்சையாக இல்லை. கார்த்திகை அகல் சுடரின் மஞ்சளில் ஒரு சின்னக் கோடு மட்டும் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.

கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் எல்லாவற்றையும் தயார்செய்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார். "மேடம், உக்காருங்க. நீங்களே பண்ணிக் காட்டிடுங்க" என்றார்.

சுலோசனா மிஸ் உட்கார்ந்தார். புரோகிராம் எழுதிய தாளை மடியில் விரித்துக்கொண்டார். எங்கள் இருபத்திரண்டு பேரின் பெயரையும் வரிசைப்படுத்தும் அதே புரோகிராம். ஹெட்மிஸ்ட்ரஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பின்னால் நின்றார். மிஸ்ஸின் ஆள்காட்டி விரல் விசைகளுக்கு மேலே போய், எந்த எழுத்து எங்கே என்று தேடி, அந்தரத்திலேயே நின்றது. அவருக்குத் தட்டெழுத்துத் தெரியாது. ஒரு வருடமாக அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஏ.சி. இயந்திரத்தின் உறுமல் மட்டும் கேட்டது.

"மிஸ்!" அறையே திரும்பிப் பார்க்கும்படி ஆக்னஸின் குரல். "நான்தானே இன்புட்டு? நான் உக்காரட்டுமா?"

மிஸ் அவளைப் பார்த்தார். எழுந்து இடம் விட்டார்.

ஆக்னஸ் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து விரலையும் வைத்தாள். எழுத்துகள் தட்டெழுத்து இயந்திரத்தில் இருந்த அதே இடத்தில்தான் இருந்தன. அவள் விசைகளைப் பார்க்கவே இல்லை. மிஸ் சொல்லச் சொல்ல வரி வரியாகத் திரை நிறைந்தது. கண்ணாடி போட்ட இளைஞர், "நாங்களே இவ்வளவு வேகமா அடிக்க மாட்டோம்" என்றார். கடைசியில் பெயர்களைப் படிக்க வேண்டிய முறை என்னுடையது. பள்ளியில் சேர்ந்த வரிசையில் எழுதிய வருகைப் பதிவேட்டின்படி, ஒவ்வொரு பெயருக்கும் பிறகு "கமா" என்று சொல்லிப் படித்துக்கொண்டே வந்தேன். என் பெயர் வந்தபோது தாளிலிருந்து கண்ணை எடுத்துத் திரையைப் பார்த்தேன். என் பெயர் அந்தக் கண்ணாடிக்குள் போகிறது என்று நினைத்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.

"ரன்" என்று அடித்து விசையைத் தட்டினாள் ஆக்னஸ். ஒரு சத்தமும் இல்லை. திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. அது எங்கள் பெயர் எதுவும் இல்லை.

"அவுட் ஆஃப் டேட்டா" என்று இளைஞர் படித்தார். "ஏதோ தப்பு இருக்கு."

ஹெட்மிஸ்ட்ரஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆக்னஸின் காது நுனி சிவந்தது. நான் பெயர்த்தாளைக் கசக்கிக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்தேன், மிஸ் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. மொட்டை மாடியில் எங்களைக் கட்டம் கட்டமாக நடக்கவிடும்போது அவர் நிற்பாரே, அதே நிற்பு. விசைகளைத் தேடிய தடுமாற்றம் எங்கேயோ போயிருந்தது.

"ஒரு பேர் குறையுது" என்றார். "இருபத்திரண்டு கேட்டிருக்கோம். அதுக்கு இருபத்தொண்ணுதான் கிடைச்சிருக்கு. ஆக்னஸ், ரெண்டு பேர் ஒட்டிக்கிட்டிருக்கும். எங்கயோ ஒரு கமா விட்டுப்போச்சு. தேடு."

ஆக்னஸ் வரிகளைத் திரும்ப வரவழைத்தாள். இருந்தது. ஜெயந்தியும் கலைச்செல்வியும் இடைவெளி இல்லாமல் ஒரே பெயராக. என் பெயருக்குப் பின்னால் நான் கமா சொல்லவில்லை.

வால் வைத்த அந்த ஒற்றைப் புள்ளியைப் போட்டுவிட்டு மறுபடி தட்டினாள். திரை ஒரு கணம் இருண்டது. பிறகு ஒன்றன்கீழ் ஒன்றாக, மஞ்சள் எழுத்தில், நாங்கள் வந்தோம். ஆக்னஸ், அமுதா, பானுமதி... யாரும் இடம் மாறியதை யாரும் பார்க்கவில்லை. கடைசி வரியில் தன் பெயர் வந்ததும் சுபைதா கைதட்டிவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். மீதி நேரம் ஒவ்வொருத்தியும் ஒரு நிமிடம் உட்கார்ந்து தன் பெயரைத் தானே அடித்துப் பார்த்தோம். என் முறை வந்தபோது விசை மெத்தென்று இல்லை. கொஞ்சம் கடினமாக, பல்லைப் போல இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் ஹெட்மிஸ்ட்ரஸ் மிஸ்ஸின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின் இருக்கை. "அந்தப் பொண்ணு நல்லா அடிச்சுது" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். கொஞ்ச தூரம் போனபிறகு, "ஆனா கமாவக் கண்டுபிடிச்சது நீங்கதானே. நான் பாத்தேன்" என்றார். திங்கட்கிழமை, எங்கள் பிரிவு அடுத்த வருடமும் தொடரும் என்று அறிவிப்பு வந்தது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா கொல்லையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் வந்தவள், நிலைப்படியில் நின்றுவிட்டேன். சொல்ல என்ன இருந்தது? நான்தான் ஜூன் மாதத்திலிருந்து கம்ப்யூட்டரைத் தொட்டுக்கொண்டிருக்கிறேனே. "என்னடி, முகம் இப்படி ஜொலிக்குது?" என்றாள் அம்மா. "ஒண்ணுமில்ல" என்றேன். என் சின்ன வயதின் மிகப் பெரிய நாள் அது. அதை என் பொய் முன்கூட்டியே தின்று தீர்த்திருந்தது.

ஜூனில் நிஜமாகவே கம்ப்யூட்டர் வந்தது. அதோடு, அதற்கென்றே படித்த ஒரு சாரும் வந்தார். சுலோசனா மிஸ்ஸின் வேலை போகவில்லை. ஆனால் ஆறாம் வகுப்புக் கணக்குக்கு மாற்றிவிட்டார்கள். அவர் வருத்தப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. மாடி அறைப் பக்கம் மட்டும் வரமாட்டார். ஒருநாள் சாப்பாட்டு வேளையில், மேசை துடைக்க வேண்டும் என்று சாரிடம் சாவி வாங்கிக்கொண்ட ஆக்னஸ், நேராக ஆசிரியர் அறைக்குப் போய் மிஸ்ஸைக் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டி வந்துவிட்டாள். நான் வாசலில் காவல்.

"உக்காருங்க மிஸ். சுண்டு விரல் இங்க. இப்படி வைங்க. பாக்காம அடிக்கணும், சொல்லிட்டேன்" என்று அதட்டினாள். ஒரு வாரம், பத்து நாள், தினமும் அந்த அரை மணி. ஒற்றைச் சடையை முன்னால் போட்டுக்கொண்டு, நாக்கு நுனியைக் கடித்தபடி மிஸ் அடிப்பார். ஆக்னஸ் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பின்னால் நிற்பாள். தானாகவே முழுசாக ஒரு புரோகிராமை அடித்த அன்றைக்கு அவர் போட்டது பதிமூன்றாம் வாய்ப்பாடு. ஆறாம் வகுப்புக்கு அப்போது அதுதான் நடத்திக்கொண்டிருந்தாராம். திரையில் வந்த ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்தார். கடைசி வரிக்கு வந்ததும் எங்களைத் திரும்பிப் பார்த்து, "சரியாத்தான் போடுது" என்றார், ஒரு நல்ல மாணவியைப் பற்றிச் சொல்வதைப்போல. ஆக்னஸின் கோபம் அன்றைக்குத் தீர்ந்திருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாங்கள் பள்ளியை விட்ட மறு வருடம் மிஸ்ஸுக்குக் கல்யாணமாகிச் சேலம் பக்கம் போனதாகக் கேள்விப்பட்டோம். ஒரு பொங்கல் வாழ்த்து வந்தது. அப்புறம் வரவில்லை. ஆக்னஸ் மெட்ராஸுக்குப் போய், அண்ணன் சிபாரிசு இல்லாமலே வேலை தேடிக்கொண்டாள். நான் திருச்சியிலேயே ஓர் அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். அம்மாவிடம் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

போன மாதம் சின்னக்கடை வீதிக்குப் போனவள், கால் இழுத்த வழியே அந்தச் சந்துக்குள் போனேன். பள்ளி ஊருக்கு வெளியே எங்கோ பெரிய இடத்துக்குப் போய்விட்டது. பழைய கட்டடத்தில் ஜவுளிக் கடையின் கிடங்கு. மொட்டை மாடிக்குத் தகரக் கூரை போட்டுவிட்டார்கள். வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர், "யாரைப் பாக்கணும்மா?" என்றார். "யாரையும் இல்லீங்க" என்று திரும்பினேன்.

அன்றிரவு ஆக்னஸிடம் தொலைபேசியில் சொன்னேன். பேச்சுவாக்கில், "அவங்க பேர அடிச்சுத் தேடிப் பாத்தியா?" என்று கேட்டாள். பார்த்திருந்தேன். பல தடவை. எத்தனையோ சுலோசனாக்கள் வருகிறார்கள்; டாக்டர், வக்கீல், ஒரு கல்லூரி முதல்வர்கூட. அவர் இல்லை. அப்போதுதான் ஓர் எண்ணம் வந்தது: நாங்கள் அவரை மிஸ் என்று மட்டுமே கூப்பிட்டிருக்கிறோம். அவருடைய இனிஷியல் எங்கள் இருவருக்கும் தெரியாது. ஒரு வருடம் முழுக்க எங்கள் ஒவ்வொருவரின் பெயரையும் எழுத்து எழுத்தாகப் பார்த்து வரிசையில் நிறுத்தியவரை, அவர் அப்பா பெயர் என்ன, வீடு எங்கே என்று இருபத்திரண்டு பேரில் ஒருத்திகூடக் கேட்டதில்லை.

"மணப்பாறை பஸ்ல ஏறி ஒரு தடவை போய் விசாரிச்சா என்ன?" என்றாள் ஆக்னஸ், அதே பெரிய குரலில்.

"நீ வரியா?"

"ஞாயித்துக்கிழமை காலைல வந்து இறங்கறேன்" என்றாள்.